வேலூர் – ஆம்பூர் தோல்தொழில் வட்டாரத்தில் செவிலியர் இல்ல வருகையும் குழந்தைப் பாதுகாப்பும்: இளந்தாய்மாரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற காலம் முதல் குழந்தையின் இரண்டாம் வயது வரை ஒரே செவிலியர் வீடு தேடிச் சென்று இளந்தாய்க்குத் துணைநிற்கும் திட்டங்கள், குழந்தைத் துன்புறுத்தலையும் புறக்கணிப்பையும் குறைக்கும் என்பதற்கு மேலைநாட்டு ஆய்வுகள் சான்று தருகின்றன. வேலூர் வட்டாரத்தில் இல்ல வருகை என்பது அரை நூற்றாண்டு நெருங்கும் நடைமுறையாகும். ஆயினும் அதன் நோக்கமும் கால வரையறையும் வேறு. கணியம்பாடி, கே.வி.குப்பம் ஒன்றியங்களில் நிகழ்ந்த ஆய்வுகளைக் கொண்டு, இவ்வட்டாரத்தில் குழந்தைக்கு இடர் நேரும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. தாய்வீட்டிலிருந்து கணவன் வீட்டிற்குத் தாய் திரும்பும் காலம் வருகை அட்டவணையில் இடம்பெறாமையைச் சுட்டிக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இல்ல வருகை, கிராம சுகாதாரச் செவிலியர், மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு, குழந்தைப் புறக்கணிப்பு, பெண்சிசுக்கொலை, கணியம்பாடி, ஆம்பூர்

முன்னுரை

1977ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இரண்டு ஊரகப் பணிகளுக்கு அமைப்பு வடிவம் கொடுத்தது. ஒன்று, பாகாயத்தை மையமாகக் கொண்டு கணியம்பாடி ஒன்றியத்தில் இயங்கிய சமூக நல மேம்பாட்டுத் திட்டம். மக்கள் வழக்கில் 'சாட்'. மற்றொன்று, கே.வி.குப்பத்தில் அமைந்த ஊரக நல, சமூக விவகாரப் பிரிவாகிய 'ரூசா'. இதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து எல்மைரா என்னும் சிறு நகரத்தில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. முதன்முறை கருவுற்ற 400 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பத்தொன்பது வயதிற்கு உட்பட்டோர், மணமாகாதோர் அல்லது வறியோர். இம்முயற்சிகள் ஒன்றையொன்று அறிந்து தோன்றியவை அல்ல. எனினும் நலப்பணியாளர் வீட்டு வாசலைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் ஒரே கருத்து இரு நிலங்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேர்கொண்டது.

அதன் பின் அவை வேறு வேறு திசைகளில் வளர்ந்தன. எல்மைரா ஆய்வு, குழந்தை துன்புறுத்தப்படாமல் வளர்கிறதா என்ற கேள்வியைத் தன் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொண்டது. வேலூர்ப் பணிகள் குழந்தை பிழைக்கிறதா, தடுப்பூசி பெறுகிறதா, எடை கூடுகிறதா எனக் கேட்டன. நூற்றுக்கணக்கில் சிசுக்கள் மடிந்த காலத்தில் அக்கேள்விகளே முதன்மை பெற்றது இயல்பு. ஆனால் அவற்றுக்கு விடை தேடிச் சென்ற பணியாளர்களே முதற்கேள்விக்குரிய சான்றுகளையும் எதிர்பாராத வகையில் கொண்டுவந்தனர் என்பது இக்கட்டுரை கவனம் கொள்ளும் செய்தியாகும்.

எல்மைரா தந்த படிப்பினை

எல்மைரா திட்டத்தில் செவிலியர் கருவுற்ற காலத்தில் சராசரியாக 9 முறையும், பிறப்பு முதல் இரண்டாம் ஆண்டு நிறைவு வரை 23 முறையும் வீட்டிற்குச் சென்றனர். உடல்நலம், குழந்தையைப் பேணும் முறை, கணவன் அல்லது துணைவனுடனான உறவு, கல்வி, வேலை ஆகிய அனைத்தும் அவ்வருகைகளின் பேச்சில் இடம்பெற்றன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1997இல் வெளியான தொடராய்வின்படி, செவிலியர் வருகை பெற்ற தாய்மார் மீது குழந்தைத் துன்புறுத்தல், புறக்கணிப்பு தொடர்பாக உறுதிசெய்யப்பட்ட புகார்கள் சராசரியாக 0.29, வருகை பெறாத தாய்மாரிடத்தில் அது 0.54. ஏறத்தாழப் பாதி குறைவு.

இப்பயன் எங்கும் ஒரே அளவில் கிடைத்ததாகக் கொள்ளுதல் பிழை. டென்வர் நகரத்து ஆய்வில், செவிலியர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர் சென்றபோது பயன் செவிலியர் சென்றபோது கிடைத்ததன் பாதியளவே இருந்தது. இங்கிலாந்தில் 1,600க்கும் மேற்பட்ட பதின்வயதுத் தாய்மாரிடம் நிகழ்த்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வு, குறுகிய காலத்தில் குறிப்பிடத்தக்க பயன் எதையும் காணவில்லை. அங்கே வருகை பெறாதவர்களுக்கும் அரசின் இலவச மருத்துவமும் தாய்சேய் நலப் பணிகளும் ஏற்கெனவே கிடைத்துவந்தன என்பதை உடன்வைத்து எண்ண வேண்டும்.

நம் சூழலுக்கு இவற்றைவிட நெருங்கியது எக்கன்ரோட் குழுவினர் 2000ஆம் ஆண்டில் எல்மைரா தரவுகளை மறுபடி ஆராய்ந்து கண்ட முடிவு. வீட்டில் பெண் மீதான வன்முறை மிகுந்திருந்த குடும்பங்களில் செவிலியர் வருகையால் குழந்தைத் துன்புறுத்தல் குறையவில்லை. தாயைக் காக்க இயலாத வருகை சேயையும் காக்க இயலாது போயிற்று. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். இந்த எண்ணைப் புறந்தள்ளிவிட்டு இல்ல வருகைத் திட்டம் எதையும் இங்கு வகுக்க முடியாது.

எடை பார்க்கச் சென்ற இடத்தில்

குழந்தைத் துன்புறுத்தலுக்கு அமெரிக்காவில் இருப்பது போன்ற முறையான புகார்ப் பதிவேடு இங்கில்லை. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பட்டது. மூவரில் இருவர் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு உள்ளானதாக அது கூறியது. அம்மாநிலங்களுள் தமிழ்நாடு இடம்பெறவில்லை; கைக்குழந்தைகளின் நிலையை அத்தகைய வினாத்தாளால் அறியவும் இயலாது. எனவே வேலூர் வட்டாரத்தில் இதற்கான சான்றை வேறு தலைப்பிட்ட ஆய்வுகளில்தான் தேட வேண்டியுள்ளது.

1980களின் பிற்பகுதியில் கே.வி.குப்பம் ஒன்றியத்தின் 12 சிற்றூர்களில் கார்னெல் பல்கலைக்கழகமும் ரூசாவும் இணைந்து குழந்தைகளின் வளர்ச்சிக் கண்காணிப்பை ஆராய்ந்தன. மாதந்தோறும் எடையிட்டு அட்டையில் குறிப்பதனால் ஊட்டநிலை மேம்படுகிறதா என்பதே ஆய்வு வினா. 1993இல் வெளியான விடை ஏமாற்றமளித்தது: நல்ல கல்வியும் மருத்துவமும் கிடைக்கும் இடத்தில் எடையட்டை தனியாகக் கூடுதல் பயன் தரவில்லை. ஆனால் குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்ததால், கேளாத வினா ஒன்றிற்கு விடை கிடைத்தது. சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவ்வூர்களில் உயிருடன் பிறந்த 759 குழந்தைகளுள் இறந்தவை 56. அவற்றுள் பெண் 33. அந்த 33இல் 19 உறுதிசெய்யப்பட்ட பெண்சிசுக்கொலைகள். 12 ஊர்களில் 6 ஊர்களில் இவை நிகழ்ந்திருந்தன.

இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். அவ்வொன்றியம் நலப்பணியாளர் எட்டாத பகுதியன்று. குடும்ப நலத் தொண்டர்கள் ஊர்தோறும் இருந்தனர். கருவுற்ற பெண்ணின் பெயர் ஏட்டில் இருந்தது. பிறப்பும் இறப்பும் பதிவாயின. வருகை இருந்தும் கொலை நின்றுவிடவில்லை. வருகையின் கையில் இருந்தவை எடைக்கருவியும் தடுப்பூசிப் பெட்டியும். மூன்றாவது பெண்ணைச் சுமக்கும் தாயின் அச்சத்தைக் கேட்பதற்கு அதன் நிரலில் இடமில்லை.

அரசின் பதிவேடுகளிலும் இதே முரண் வேறு வடிவில் காணப்படுகிறது. 1990களில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் சிசு இறப்புப் பதிவுகளில் 'சமூகக் காரணங்கள்' என்றொரு வகை இடம்பெற்றது. பெண்சிசுக்கொலைக்கு அலுவலக மொழி சூட்டிய பெயர் அது. ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இப்பதிவுகளையே அடிப்படையாகக் கொண்டது. கிராம சுகாதாரச் செவிலியர் துணிந்து எழுதியதால்தான் மாநிலம் தன் நிலையை அறிந்தது. ஆனால் அதை எழுதிய செவிலியர் மறுநாளும் அதே தெருவில் தனியாக நடந்து செல்ல வேண்டியவர். ஊராரின் நம்பிக்கைக்குரிய 'நர்சம்மா'வாகவும் ஊரார் மறைக்க விரும்புவதை ஏட்டில் ஏற்றுபவராகவும் ஒருவரே இருத்தல் எளிதன்று. 1992இல் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் குழந்தையை வாங்கிக்கொள்ள முன்வந்தது. தாயிடம் முன்கூட்டிப் பேசும் பணி செவிலியரிடமே எஞ்சியது.

கணியம்பாடியில் தாயின் மனம்

கணியம்பாடி ஒன்றியத்தில் ஊர்ப் பணியாளர், நல உதவியாளர், சமூக நலச் செவிலியர், மருத்துவர் என நான்கு அடுக்குகளில் தகவல் திரட்டப்படுகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களின் பிறப்பு, இறப்பு, மகப்பேறு ஆகியவை கீழடுக்கில் பதியப்பட்டு மேலடுக்கில் சரிபார்க்கப்படுகின்றன. இந்த ஒழுங்கு இருந்ததால் மூன்று முக்கியமான ஆய்வுகள் இயன்றன.

முதலாவது, சந்திரனும் பிறரும் 2002இல் வெளியிட்டது. கருவுற்ற இறுதி மும்மாதத்தில் 359 பெண்களைப் பதிவுசெய்து, மகப்பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களுக்குள் 301 பேரை மீண்டும் கண்டனர். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காடு. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்வுகள், கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை அதனோடு தொடர்புடையனவாகக் கண்டறியப்பட்டன. கே.வி.குப்பத்தில் கொலையாக வெளிப்பட்ட அதே எதிர்பார்ப்பு, இங்கே தாயின் மனநோயாக வெளிப்படுகிறது.

இரண்டாவது, அனூப், சரவணன் முதலியோர் 2004இல் வெளியிட்டது. 6 முதல் 12 மாத வயதுடைய ஊட்டக்குறைவுள்ள 72 குழந்தைகளையும், அவர்களோடு ஒத்த 72 நலமான குழந்தைகளையும் ஒப்பிட்டது. மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுற்ற தாயின் பிள்ளைக்கு ஊட்டக்குறைவு ஏற்படும் முரண்விகிதம் 7.4. மாதிரி சிறிது, நம்பிக்கை இடைவெளியும் மிக அகன்றது. ஆதலால் எண்ணைக் காட்டிலும் அது சுட்டும் திசையையே பொருட்படுத்த வேண்டும். அயல்நாட்டுச் சமூகப் பணியாளர் ஒருவர் இக்குழந்தையைக் கண்டால் 'புறக்கணிப்பு' என எழுதக்கூடும். இங்கே அச்சொல் தாயைக் குற்றவாளியாக்கிவிட்டு, அவள் நோயையும் அடுப்பங்கரையின் வறுமையையும் பார்வையிலிருந்து அகற்றிவிடும். வறுமையையும் புறக்கணிப்பையும் பிரித்தறிதலே இத்துறையில் மிகக் கடினமான பணி. ஒரு முறை வந்து செல்லும் எவராலும் அது இயலாது.

மூன்றாவது, ஏரன், ஜோசப் முதலியோர் அதே 2004இல் வெளியிட்ட இளையோர் தற்கொலை பற்றிய ஆய்வு. 10 முதல் 19 வயது வரையான பெண்களில் தற்கொலை வீதம் ஆண்டிற்கு ஒரு லட்சத்திற்கு 148, ஆண்களில் 58. அவ்வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலையே. இவ்வயதிற்குள் மணமாகிக் கருவுற்றவர்களும் அடங்குவர். இளந்தாயைக் காண வரும் செவிலியர் முதலில் காண வேண்டியது சேயையா தாயையா என்ற வினாவிற்கு இந்த எண்கள் விடை கூறுகின்றன.

தாய்வீடும் ஐந்தாம் மாதமும்

எல்மைரா முறையின் உயிர்நாடி ஒரே செவிலியர் தொடர்ந்து வருதல். தமிழ்க் குடும்ப வழக்கம் இதற்கு ஒரு தனித் தடையை வைத்திருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டிற்குரியது. கணவன் ஊரில் பெயர் பதிந்து 'பிக்மி' எண் பெற்ற பெண், வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்கிறாள். அங்கே வேறொரு துணை சுகாதார நிலையம், வேறொரு செவிலியர். மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ குழந்தையுடன் கணவன் வீடு திரும்புகிறாள். எண் அவளோடு பயணம் செய்கிறது. உறவு பயணம் செய்வதில்லை.

சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது விதி. பச்சிளங்குழந்தைக்கான தேசிய இல்ல வருகை நெறிமுறை, மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு 3ஆம் நாள் முதல் 42ஆம் நாள் வரை ஆறு வருகைகளை வகுத்துள்ளது. உயிர் பிழைப்பு நோக்கில் இது சரியான கணக்கே. கட்சிரோலியில் அபய் பங் குழுவினர் 1999இல் நிறுவிக் காட்டியதும் அதுவே. ஆனால் அந்த 42 நாட்களும் பெரும்பாலும் தாய்வீட்டு நாட்கள். பெற்ற தாய் வெந்நீர் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டும் நாட்கள். மாமியாருடனான பிணக்கு, பெண் குழந்தை பிறந்ததற்கான ஏச்சு, கணவனின் குடி, உதவிக்கு ஆளின்மை ஆகியவை கணவன் வீடு திரும்பிய பின் தொடங்குபவை அல்லது மீண்டும் தொடங்குபவை. 2018இல் வகுக்கப்பட்ட தேசிய நெறிமுறை 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் ஐந்து வருகைகளைக் கூட்டியது. அது ஆஷா பணியாளரை நம்பியது. தமிழ்நாட்டிலோ ஆஷாக்கள் பெரிதும் மலைப்பகுதி முதலான எட்டாக் கிராமங்களிலேயே நியமிக்கப்பட்டனர். மற்ற ஊர்களில் அவ்வயதுக் குழந்தையைச் செவிலியர் காண்பது பெரும்பாலும் தடுப்பூசி நாளில். அன்று தாய்தான் செவிலியரைத் தேடி வருகிறாள், வீடு உடன்வருவதில்லை.

தோல்தொழில் வட்டாரத்தில் இதனோடு மற்றொரு காலக்கணக்கு வந்து பொருந்துகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் இளம்பெண்கள் பெருந்தொகையினர். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகப்பேற்று விடுப்பு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன் எடுக்கலாம். அவ்வாறு எடுத்தவளுக்கு விடுப்பு முடிவது குழந்தையின் ஐந்தாம் மாதத்தை ஒட்டி. கணவன் வீடு திரும்புதலும் வேலைக்குத் திரும்புதலும் ஒரே சமயத்தில் நேர்கின்றன. காலையில் தொழிற்சாலை வண்டி ஊருக்குள் வந்துவிடும். 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் சட்டப்படி கட்டாயம். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பார்க்கலாம். கைக்குழந்தையோடு அந்நெரிசல் வண்டியில் ஏற இயலாதவளுக்கு அவ்வுரிமை ஏட்டளவினது. குழந்தை மாமியாரிடம் தங்குகிறது. முற்பகல் பத்து மணிக்குச் செவிலியர் வந்தால் தாயைக் காண மாட்டார். இணை உணவு, தாய்ப்பால், தாயின் உறக்கம் ஆகியவற்றை அவர் எவரிடம் பேசுவது?

வீட்டிலேயே காலணி மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண்களின் நிலை வேறு. 'அப்பர்' எனத் தொழிலில் வழங்கும் அப்பகுதிக்கு இணைக் கணக்கில் கூலி. 2016இல் ஆம்பூர் வட்டார இல்லத் தொழிலாளர் குறித்து வெளியான அறிக்கை, ஓர் இணைக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவான கூலியைப் பதிவுசெய்தது. இவர்களுக்கு மகப்பேற்று விடுப்போ தொழிலாளர் காப்பீடோ இல்லை. தாய் வீட்டில் இருக்கிறாள். தூளியில் குழந்தை இருக்கிறது. ஊசியும் பசையும் தோல்துண்டும் அதே தரையில் இருக்கின்றன. முகவர் மாலையில் வந்து எண்ணி எடுப்பதற்குள் முடிக்க வேண்டும். அழுகிற குழந்தை அங்கே இணைக்கணக்கைக் குறைக்கும் தடையாக மாறுகிறது. குடியாத்தம் பகுதிப் பீடி சுற்றும் தாய்மாருக்கும் இது பெரிதும் பொருந்தும்.

இவ்விரு வகைத் தாய்மாருக்கும் ஒரே வருகை நேரமும் ஒரே வினாத்தாளும் பொருந்தா. முன்னவளுக்கு மாலை அல்லது ஞாயிறு வருகையும், பகலில் மாமியாரோடு தனி உரையாடலும் தேவை. மாமியாரைப் பகையாகக் கொள்ளாமல் குழந்தையின் முதன்மைப் பராமரிப்பாளராக ஏற்று அவருக்கும் கற்பித்தல் வேண்டும். அவரும் ஒரு காலத்தில் அதே வீட்டிற்கு மருமகளாக வந்தவரே. பின்னவளிடம் பகலில் செல்லலாம். ஆயினும் தைப்பதை நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுதல் அவள் கூலியில் கை வைப்பதாகும்.

கருவி உள்ளது, நேரம் இல்லை

தாயின் மனநிலையை அறிய உதவும் பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவம் 2005இல் வேலூரிலேயே தகுதிகாண் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. சிகிச்சைக்கும் முன்மாதிரி உண்டு. பாகிஸ்தானின் ஊரகப் பகுதியில் அதீஃப் ரஹ்மான் குழுவினர், அரசின் பெண் நலப்பணியாளர்களுக்கு எளிய பயிற்சி அளித்து மனச்சோர்வுற்ற தாய்மாரிடம் வீட்டு உரையாடலாகவே சிகிச்சை நடத்தினர். ஆறாம் மாதத்தில் சிகிச்சை பெற்றோரில் 23 விழுக்காட்டினரும் பெறாதோரில் 53 விழுக்காட்டினரும் மனச்சோர்வோடு இருந்தனர். 2008இல் வெளியான இம்முடிவு, எல்மைராவைவிட வேலூருக்கு நெருங்கிய சான்று: கூட்டுக்குடும்பம், மாமியார், ஆண் மகவு வேட்கை ஆகியவை அங்கும் உள்ளன. கிராம சுகாதாரச் செவிலியரின் நாளோ தடுப்பூசி முகாம், இணையப் பதிவு, முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கான படிவம், மேலலுவலர் கூட்டம் ஆகியவற்றால் நிரம்பியது. எத்தனை வீடு என்பது கணக்கிடப்படுகிறது. ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் என்பது கணக்கில் வருவதில்லை.

பதினெட்டு நிரம்பாத தாய்

இல்ல வருகையால் மிகுதியும் பயன்பெறத்தக்கவள் மிக இளைய தாய். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுடைய பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டு வயதிற்கு முன் மணம் செய்விக்கப்பட்டவர்கள் என்கிறது மேற்குறித்த குடும்ப நல ஆய்வு. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினேழு வயதுப் பெண் கருவுற்றிருப்பதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தவறினால் 21ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. மணமானவள் என்பதும் 2017ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பிற்குப் பின் விலக்காகாது. 2022 செப்டம்பரில் அதே நீதிமன்றம், கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியின் அடையாளத்தை, அவளும் பாதுகாவலரும் வேண்டினால், மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. குழந்தையைப் பெற்று வளர்க்க முடிவுசெய்தவளின் வீட்டிற்குச் செல்லும் செவிலியருக்கு அத்தகைய காப்பு இல்லை.

சட்டத்தின் நோக்கம் சிறுமியைக் காப்பதே, அதில் ஐயமில்லை. குடும்பமோ அதன் விளைவை அறிந்து வயதைக் கூட்டிச் சொல்கிறது, பதிவைத் தள்ளிப்போடுகிறது, சில வேளைகளில் ஊரையே மாற்றுகிறது. செவிலியர் வயதை அறிந்தால் புகாரளிக்க வேண்டும். அளித்தால் குழந்தையின் தந்தை சிறை செல்வான், கூலி நின்றுபோகும், அத்தெருவின் மற்றக் கதவுகளும் மூடிக்கொள்ளும். அறியாதவர்போல் இருந்தால் அவளைப் பதினெட்டு நிரம்பியவளாகவே ஏட்டில் எழுத வேண்டும். அப்போது மிகை இடருடையோர் பட்டியலில் அவள் பெயர் இராது. 'சமூகக் காரணங்கள்' என எழுதிய செவிலியர் முப்பது ஆண்டுகளுக்கு முன் நின்ற அதே வாசலில்தான் இன்றைய செவிலியரும் நிற்கிறார். இம்முறை வீட்டினுள் இருக்கும் இருவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள்.